சமைக்கிறவருக்குக் காசு நேரத்துக்குக் கிடைக்கட்டும்: திருகோணமலைப் பாடசாலைச் சாப்பாடு பற்றி ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தின் கல்விக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய ஐந்து கல்வி வலயங்களின் பணிப்பாளர்களுக்கும், அதிபர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகள் பாடசாலையில் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். கேட்பது இரண்டு விஷயம்தான். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு, மாதம் முடிந்தால் அந்த மாதக் காசு கைக்கு வரவேண்டும். அடுத்தது, பாடசாலைக் கன்ரீனை அதிக வாடகை தருகிறவருக்குக் கொடுக்கும் வழக்கம் நிற்கவேண்டும். தரம் தரம் என்று நாங்கள் எவ்வளவு கதைத்தாலும், கோப்பையில் என்ன விழுகிறது என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

நான் இந்த மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். நகரத்திலும் இருந்தேன், பஸ் அருமையாக வரும் கிராமங்களிலும் இருந்தேன். இப்போது என் பேத்தி தரம் மூன்றில் படிக்கிறாள். பாடசாலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டவளாக, பரிமாறியவளாக, இன்று வீட்டில் காத்திருந்து "இண்டைக்கு என்னம்மா தந்தவை?" என்று கேட்கிறவளாக, மூன்று பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுப்பது நேற்று வந்த யோசனை இல்லை. இலவசக் கல்வி என்றதும் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவை நினைக்கிறோம். அவர் கல்வி அமைச்சராக இருந்த 1930களிலேயே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

என் வயதுக்காரருக்கு ஞாபகத்தில் நிற்பது கெயார் விசுக்கோத்து. கெயார் என்ற வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் உதவியோடு முதலில் மாப்பால் கரைத்துக் கொடுத்தார்கள், பணிஸ் கொடுத்தார்கள், பிறகு விசுக்கோத்து வந்தது. கடிப்பதற்குக் கொஞ்சம் கடினம், மென்றால் இலேசான இனிப்பு. பாதியைத் தின்று மீதியைத் தம்பி தங்கச்சிக்கென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அதை ஒரு நேரச் சாப்பாடு என்று சொல்லமுடியாது. ஆனால் அது தவறாமல் வந்தது. சனி ஞாயிறு தவிர்ந்த நாட்களில் இடைவேளைக்கு மணி அடித்தால் கையில் ஏதோ ஒன்று இருக்கும் என்று பிள்ளைக்கு நம்பிக்கை இருந்தது. அந்த ஒழுங்கை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

கன்ரீன் என்று பெரிதாக ஒன்றும் அந்த நாளில் இல்லை. இருந்த இடங்களில் ஒரு மேசை, ஒரு பெரிய சட்டி நிறைய அவித்த கடலை, கௌப்பி, சில நாட்களில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆச்சி கச்சான், நெல்லிக்காய், விளாங்காய், காலம் வந்தால் பாலைப்பழம், நாவற்பழம் என்று வைத்துக்கொண்டு இருப்பா. சுகாதாரம் என்று பார்த்தால் குறை சொல்ல நிறைய இருந்தது, ஈ மொய்க்கும். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது அவ்வளவும் எங்கள் மண்ணில் விளைந்தது, பொரிக்காதது, சீனி போடாதது.

அப்புறம் கோதுமை வந்து எல்லாவற்றையும் மாற்றியது. கோதுமை விளையாத நாடு இது. 1980இல் எங்கள் சீனக்குடாவிலேயே பெரிய மா ஆலை வந்தது. இங்கிருந்து மா நாடு முழுவதும் போகிறது. அந்த ஆலையில் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கிவிட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல வரவில்லை. காலையில் பாண், இடைவேளைக்குப் பணிஸ், பின்னேரம் றோல்ஸ், இரவைக்கு ரொட்டி என்று ஒரு பிள்ளையின் நாள் முழுவதும் மாவாகிப் போனதைத்தான் சொல்கிறேன்.

1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் இலவச மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அது வேர் பிடிக்க நேரம் இருக்கவில்லை. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்க, கிராமம் கிராமமாகச் சனம் எழும்பிப் போனது. வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அங்கே முகாமில் இருந்து அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் முட்டையைப் பற்றிச் சொல்வார்கள், சுண்டலைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. காமராஜர் 1950களில் தொடங்கி, எம்.ஜி.ஆர் 1982இல் விரித்த அந்தத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்களை நியமித்து அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுக்கிறது. சாமான் தனி, சம்பளம் தனி. சமைக்கிறவர் தன் வீட்டுக் காசைப் போட்டு அரிசி வாங்கத் தேவையில்லை. இங்கே அப்படி இல்லை, சாமானும் கூலியும் ஒரே தொகைக்குள். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2004 சுனாமி, 2006இல் மூதூர், சம்பூர் பக்கச் சண்டை, இடப்பெயர்வு. அந்தக் காலத்துப் பாடசாலை உணவை உலக உணவுத் திட்டத்தின் மூட்டைகளோடுதான் நினைக்கமுடியும். அரிசி, பருப்பு, எண்ணெய். தகரக் கொட்டிலில் வகுப்பு, பக்கத்தில் மூன்று கல்லு அடுப்பு, அம்மாமார் முறைவைத்துச் சமைப்பார்கள். ருசி என்று பெரிதாக இல்லை, ஆனால் ஒரு விஷயத்தை மறக்கமுடியாது. மூட்டை களஞ்சியத்தில் இருந்ததால் யாரும் கடன் வாங்கிச் சமைக்கவில்லை. முருங்கை இலையை ஒரு அம்மா கொண்டுவருவா, தேங்காயை இன்னொருவர் கொண்டுவருவா. அந்தச் சோறும் பருப்பும், இன்று சில பாடசாலைகளில் நான் பார்க்கும் சாப்பாட்டைவிட நிறைவாக இருந்தது என்று எழுதும்போது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. யுத்தமும் இடப்பெயர்வுமாக இருந்த காலம் அது.

பிறகு வந்த ஆண்டுகளில் அமெரிக்க உதவியில் பாடசாலைகளுக்கு மஞ்சள் பருப்பும் சமன் (சல்மன்) மீன்டின்னும் வந்தன. நல்ல உதவி. ஆனால் கரைவலை இழுக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் பிள்ளை, உலகத்தின் அடுத்த பக்கத்தில் பிடித்து அடைத்த மீனைப் பாடசாலையில் சாப்பிட்டது என்பதையும் யோசிக்கவேண்டும்.

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். பல ஆண்டுகளாக ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு அரசாங்கம் ஒதுக்கியது 30 ரூபாய். 2022இல் நாடு வங்குரோத்தான ஆண்டில் அந்த 30 ரூபாயால் ஒரு முட்டையும் வாங்கமுடியவில்லை. பிறகு அது 60 ஆகி, படிப்படியாக 110 வரை வந்தது. 2024 மார்ச்சில் தரம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் திட்டத்தை விரித்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 16 இலட்சம் பிள்ளைகள். கையில் காசில்லாத நேரத்தில் அரசாங்கம் இதைச் செய்தது பெரிய காரியம். அதை மனதாரச் சொல்கிறேன்.

இனி அந்த 110 ரூபாய்க்குள் போய்ப் பார்ப்போம். சின்னப் பிள்ளைக்கு 75 கிராம் அரிசி. 2024 கடைசியில் நாட்டரிசிக்கு அரசாங்கம் வைத்த விலை கிலோ 230 ரூபாய். அந்தக் கணக்கில் அரிசிக்கு 17 ரூபாய். பருப்புக்கு ஒரு 9, 10. முட்டை போடும் நாளில் 35, 40. இலைக்கறிக்கு 10. தேங்காய் 180 ரூபாய் விற்றால், பத்துப் பிள்ளைக்கு ஒன்று என்று வைத்தாலும் தலைக்கு 18. எண்ணெய், வெங்காயம், மிளகாய், உப்பு, விறகு அல்லது காஸ், பாத்திரம் தேய்க்கும் சவர்க்காரம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 10, 15. கூட்டிப் பாருங்கள், முட்டை நாளில் நூறு, நூற்றுப்பத்து என்று வந்துவிட்டது. விடியக்காலை மூன்றரைக்கு எழும்பிச் சமைத்து, ஓட்டோ பிடித்து, ஏழரை மணிக்குள் சோற்றுச் சட்டியைப் பாடசாலையில் இறக்கும் பெண்ணுக்கு மிஞ்சுவது என்ன? முட்டை இல்லாத நாளில் கொஞ்சம் கிடைக்கும். அதுவும் காசு நேரத்துக்கு வந்தால்.

காசு நேரத்துக்கு வருவதில்லை. நான் எல்லாக் கடமையாளரையும் குறை சொல்லவில்லை. பற்றுச்சீட்டு பாடசாலையிலிருந்து வலயத்துக்குப் போகவேண்டும், அங்கே சரிபார்க்கவேண்டும், மேலிருந்து நிதி இறங்கவேண்டும், எங்கோ ஒரு கையெழுத்து இல்லாமல் நிற்கும். ஒவ்வொரு மேசைக்கும் ஒவ்வொரு நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தத் தாமதத்தின் பாரம் முழுவதும் கடைசியில் ஒரே ஆளின் தலையில் இறங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். ஒரு கிராமத்துப் பாடசாலைக்குச் சமைத்தாள். முதல் மாதம் கையிலிருந்த காசு போனது. இரண்டாம் மாதம் கடைக்காரரின் கடன் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கினாள். மூன்றாம் மாதம் கடைக்காரர் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்ல, தோட்டை ஈடு வைத்தாள். காசு வந்தபோது அதில் பாதி வட்டிக்கும் கடைக்கும் போனது. அடுத்த ஆண்டு அவள் சமைக்க வரவில்லை.

அவள் ஏமாற்றுக்காரி இல்லை. மூன்றாம் மாதத்தில் அவள் கொண்டுவந்த சோற்றை நான் பார்த்தேன். முட்டை பாதியாக வெட்டியிருந்தது. கீரை போய், சோயா மீற் குழம்பு வந்திருந்தது. பருப்பில் தண்ணீர் கூடியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த உணவு அட்டவணையில் அன்றைக்கு மீன் என்று எழுதியிருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் அட்டவணையையும் சட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கொப்பியில் குறை எழுதினார். அவர் எழுதியது சரிதான். ஆனால் அந்தக் குறை எங்கிருந்து தொடங்கியது என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், தரத்தைச் சட்டிக்குள் தேடாதீர்கள். கொடுப்பனவு போகும் வழியில் தேடுங்கள். தவணை தொடங்கும்போது ஒரு மாதத்துச் சாமான் காசை முற்பணமாகக் கொடுத்தால், அந்தப் பெண் மொத்தக் கடையில் ரொக்கத்துக்கு வாங்குவாள். கடனுக்கு வாங்கும் விலைக்கும் ரொக்க விலைக்கும் இடையில் ஒரு முட்டை இருக்கிறது. சமைக்கும் கூலியைத் தலைக்கணக்கிலிருந்து பிரித்து, தனியாக ஒரு தொகை வையுங்கள். கூலியும் அரிசியும் ஒரே தலைக்கணக்குக்குள் இருக்கும்வரை, அவள் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்றால் பிள்ளையின் கோப்பையிலிருந்துதான் எடுக்கவேண்டும். நல்ல மனமுள்ள பெண்களை இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிவிடுவது நியாயமில்லை.

காசு ஒழுங்காக வந்தால் எங்கள் மாவட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சாப்பாடு போடலாம் என்று நினைத்துப் பாருங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் தம்பலகாமத்து வயல் விளைகிறது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. நிலாவெளி, கும்புறுப்பிட்டித் தோட்டங்களில் சின்ன வெங்காயம். குச்சவெளியிலிருந்து வெருகல் வரைக்கும் கடல். இவ்வளவையும் சுற்றிவர வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோயா மீற் கொடுக்கிறோம்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பாரையும் விளைமீனும் பாடசாலைக்குக் கட்டுபடியாகாது, அது தெரியும். சூடை, சாளை, நெத்தலி கட்டுபடியாகும். முள் தொண்டையில் சிக்கும் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள், நானும் அந்தப் பயத்தோடு இருந்தவள்தான். சாளையைக் கொறுக்காய்ப் புளி போட்டு, மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் நேரமெடுத்து வற்றக் காய்ச்சினால் முள் மெதுவாகி மீனோடு சேர்ந்துவிடும். அந்த முள்ளிலேதான் கல்சியம் இருக்கிறது. நெத்தலியைத் தலை கிள்ளி, வெங்காயத்தோடு வதக்கிச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் மிச்சம் வைக்கமாட்டார்கள்.

ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே அட்டவணை எங்களுக்குப் பொருந்தாது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை எங்கள் கடல் அமைதி, மீன் மலிவு. கார்த்திகை, மார்கழியில் வாடைக் கடல் கொந்தளிக்கும்போது வள்ளம் இறங்காது, மீன் விலை எட்டாது. அந்த மாதங்களில் அட்டவணையில் மீன் என்று எழுதிவைத்தால் சமைக்கிறவள் பொய் சொல்லவேண்டி வரும். அப்போது பயறு, கௌப்பி, கருவாடு, முட்டை. மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து புது அரிசி வரும். அந்த நேரத்தில் கமக்காரரிடம் நேரடியாக வாங்கினால் மில் விலை கொடுக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் இந்துப் பிள்ளைகள் பலர் மச்சம் சாப்பிடமாட்டார்கள், முஸ்லிம் பிள்ளைகளுக்கு நோன்பு மாதம் வரும். இவை எல்லாம் அந்தந்த ஊரில் சமைக்கிறவருக்கும் அதிபருக்கும் தெரியும். அட்டவணையைக் கொழும்பிலிருந்து அனுப்புங்கள், ஆனால் வலயம் மாற்றி எழுத இடம் வையுங்கள்.

இலைக்கறிக்கும் ஒரு வார்த்தை. முருங்கை இல்லாத வளவு எங்கள் ஊர்களில் குறைவு. வறையாகச் செய்து, இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விட்டால் இலையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதே இரும்புச்சத்து வீணாகும். இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு பயிற்சி வகுப்பில் அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடலாம். சமைக்கிற பெண்களைக் கூப்பிட்டு இருத்தி, அவர்களின் போக்குவரத்துக் காசையும் கொடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் உங்களுக்குச் சொல்ல நிறைய வைத்திருப்பார்கள்.

இதுவரை எழுதியது தரம் ஐந்து வரைக்கும்தான். சின்னப் பாடசாலைகள் சிலவற்றைத் தவிர, ஆறாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைக்குச் சோறு நின்றுவிடுகிறது. பத்து வயதில் பசி குறையுமா? கூடத்தான் செய்யும். பெண்பிள்ளைகள் பெரியவர்களாகும் வயது, இரத்தம் குறையும் வயது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்து, பிறகு பிரத்தியேக வகுப்பு என்று பொழுதுபடும் வரை ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பாடசாலையில் இருக்கும் ஒரே வழி கன்ரீன்.

அந்தக் கன்ரீனில் என்ன இருக்கிறது? றோல்ஸ், பற்றிஸ், கட்லட், சீனி போட்ட பணிஸ், நிறம் போட்ட பானம். 2015இல் கல்வி அமைச்சு ஆரோக்கியமான சிற்றுண்டிச்சாலை பற்றி நல்ல சுற்றறிக்கை ஒன்று வெளியிட்டது. இலைக்கஞ்சி, அவித்த தானியம், பழம் இருக்கவேண்டும், இனிப்புப் பானமும் எண்ணெயில் மூழ்கிய பண்டமும் தவிர்க்கப்படவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டு குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகளுக்கு இந்த வட்டங்கள் தெரியும், படித்திருக்கிறார்கள், சோதனையிலும் எழுதுகிறார்கள். எழுதிவிட்டுக் கன்ரீனுக்குப் போனால் சிவப்பு வட்டம்தான் நிரையாக நிற்கிறது.

ஏன் சுற்றறிக்கை வேலை செய்யவில்லை? கன்ரீன் நடத்துகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். ஆண்டுக் கடைசியில் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோருகிறார்கள். யார் கூடுதலாக வாடகை எழுதுகிறாரோ அவருக்குக் கிடைக்கும். ஒரு பேச்சுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு றோல்ஸில் 10 ரூபாய் மிஞ்சினால், முதல் 100 றோல்ஸ் வாடகைக்கே போகும். அதற்குப் பிறகு விற்பதில்தான் அவருடைய வீட்டுச் செலவு, வேலையாளின் கூலி. அவர் கௌப்பி அவிப்பாரா? அவிய நேரமெடுக்கும், விலை வைக்கமுடியாது, மிஞ்சினால் புளித்துப் போகும். றோல்ஸ் மிஞ்சினால் நாளைக்கு மறுபடி எண்ணெயில் போடலாம். எண்ணெயும் நேற்றையதுதான், முந்தநாளையதும்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அந்த வாடகையில் மின்சாரப் பட்டியலைக் கட்டுகிறது, கூரைத் தகரம் மாற்றுகிறது. அதிபரின் இக்கட்டும் எனக்குத் தெரியும், காசில்லாமல் பாடசாலை நடத்தமுடியாது. ஆனால் அந்தத் தகரத்துக்கு விலை கொடுப்பது பிள்ளையின் உடம்பு. இதை எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்கவில்லை.

வாடகையைக் குறைந்த, மாறாத ஒரு தொகையாக வையுங்கள். போட்டி வாடகையில் வேண்டாம், உணவில் இருக்கட்டும். என்ன சாப்பாடு, என்ன விலைக்குத் தருவேன் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். 50 ரூபாய்க்குள் ஒரு கோப்பை அவித்த தானியமோ கஞ்சியோ கட்டாயம் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலறைச் சுத்தத்தோடு எண்ணெய்ச் சட்டியையும் பார்க்கட்டும். ஊர்ப் பெண்கள் சங்கங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள்.

இன்னொன்று, இடைவேளை. இருபது நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரு ஜன்னலுக்கு முன்னால் நெருக்குகிறார்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடிய பண்டம்தான் அங்கே வெல்லும். சோறோ கஞ்சியோ இருந்து சாப்பிடவேண்டியது. மேல்வகுப்புக்கும் கீழ்வகுப்புக்கும் இடைவேளையைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்தாலே வரிசை பாதியாகும். இதற்குக் காசும் தேவையில்லை, நேரசூசியை மாற்றினால் போதும்.

தண்ணீர், கை கழுவும் இடம், கோப்பை பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017இல் தடை செய்யப்பட்டது. இன்னமும் சில இடங்களில் அதில்தான் சுடுசோறு கட்டப்படுகிறது. பிள்ளை வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவந்தால் அதைக் கழுவக் குழாயில் தண்ணீர் வரவேண்டும். சித்திரை, வைகாசிக்குப் பிறகு பல கிராமங்களில் வருவதில்லை. சாப்பாட்டுத் திட்டம் என்றால் அதற்குள் தண்ணீர்த் தாங்கியும் அடங்கவேண்டும்.

அதிகாரிகளே, நீங்கள் வரும் தினத்தில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், அதற்கென்று ஒரு நாள் முன்னரே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லாமல் ஒரு புதன்கிழமை வாருங்கள். நகரத்துப் பக்கத்து உவர்மலைக்கும் பாலையூற்றுக்கும் மட்டும் போகாமல் தூரத்து ஈச்சிலம்பற்றுக்கும் வாருங்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து அதே சட்டியிலிருந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரைக் கூப்பிட்டு, கடைசியாகக் காசு கிடைத்தது எந்த மாதத்துக்கு என்று கேளுங்கள். அந்தப் பதிலை உங்கள் குறிப்புக் கொப்பியில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தவணைக்குள் செய்யக்கூடியவை மூன்று இருக்கின்றன. நிலுவைக் கொடுப்பனவுகளைத் தீர்த்து, எந்தப் பாடசாலைக்கு எந்த மாதம் வரை காசு போயிருக்கிறது என்று வலய அலுவலகத்து அறிவித்தல் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டுக் கன்ரீன் கேள்விப்பத்திரம் வெளிவருவதற்கு முன் அதன் நிபந்தனைகளைத் திருத்துங்கள். கடல் அடைத்திருக்கும் மாதங்களுக்கான மாற்று உணவு அட்டவணையை, சமைக்கும் பெண்களையும் கூட்டிவைத்துத் தயாரியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் உதவி தேவையென்றால் நான் வருவேன், என்னைப்போல் இன்னும் பலர் வருவார்கள். எந்த வலயத்தில் வைத்தாலும் சரி.

பேத்தியின் பாடசாலையில் வாசலில் நிற்கும் அம்மாமாரோடு இந்த மடலைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். உங்கள் பதிலை அவர்களும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.